கிணற்றுக்கும் பாலத்துக்கும் நடுவில்

பிப்ரவரி ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஏழு ஐம்பதுக்கு, எங்கள் வீட்டு முன்னறையில், கிணற்றுக்கும் பாலத்துக்கும் நடுவில் ஓர் ஆட்டுக்கு வீட்டுமனை அமைந்தது.

இதைச் சொன்னதும் உங்கள் எழுத்தர் பேனாவை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். முன்னறையில் கிணறு எப்படி வரும், பாலம் எப்படி வரும். எனவே முதலில் கிராமத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. நடுவில் கேள்வி கேட்டாலும் பரவாயில்லை, எனக்கு அவசரம் இல்லை.

அந்தக் கிராமம் இருப்பது, கையில் பிடித்து டிவியோடு இணைத்து விளையாடும் ஒரு சிறு கருவியில். மனைவியின் பிறந்தநாளுக்கு வாங்கியது. பெட்டியைப் பிரித்து முதலில் இயக்கியவன் நான் என்பதால் ஊர்த்தலைவர் பதவி எனக்கு வந்தது. அந்த விளையாட்டில் வெற்றி தோல்வி கிடையாது. மரம் நடலாம், மீன் பிடிக்கலாம், பாதை போடலாம். முயல், வாத்து, கரடி என்று விலங்குகள் ஒவ்வொன்றாக ஊருக்குக் குடிவரும், நம்மோடு பேசும். பாலம் எங்கே, கிணறு எங்கே என்பதைத் தலைவர் தீர்மானிக்கலாம். யார் எங்கே குடியேறுவது என்பதை மட்டும் தீர்மானிக்க முடியாது. ஒரு நாள் காலை ஊரில் எங்கோ ஓரிடத்தில் நான்கு முளை அடித்துக் கயிறு கட்டியிருக்கும். மறுநாள் அங்கே வீடு நிற்கும். நீங்கள் ஆறு வாரம் தண்ணீர் ஊற்றி வளர்த்த பூச்செடிகள் அந்தக் கயிற்றுக்குள் இருந்தால், போனது போனதுதான். கட்டிய வீட்டை நகர்த்தவும் வழியில்லை.

கண்ட இடத்தில் கயிறு கட்டாமல் தடுக்க ஒரு வழி உண்டு. அன்றைக்கு யாராவது முதன்முதலாக ஊருக்குள் நுழையும்போதுதான் கருவி இடத்தைத் தேர்ந்தெடுக்கிறது. அதனால் நான் நானாக நுழைய மாட்டேன். பெயரில்லாத ஒரு புது ஆளாக நுழைவேன். ஊரைச் சுற்றிப் பார்ப்பேன். கயிறு பிடிக்காத இடத்தில் இருந்தால் சேமிக்காமல் சுவிட்சை அணைத்துவிடுவேன். கருவிக்கு எல்லாம் மறந்துபோகும். மறுபடி நுழைந்தால் கயிறு வேறொரு இடத்தில் இருக்கும். முயலுக்கு இருபத்தாறு தடவை அணைத்தேன். வாத்துக்கு அறுபத்து மூன்று. வாத்து இப்போது நான் நினைத்தபடி மலையடியில் இருக்கிறது. அதற்கு அங்கே ஒரு குறையும் இல்லை.

ஆகவே வீட்டில் ஒரே ஒரு விதி. காலையில் நான் பார்த்து முடிக்கும்வரை கருவியை யாரும் தொடக் கூடாது.

மனைவிக்கும் அந்த ஊரில் ஒரு வீடு உண்டு. ஆற்றுக்கு அப்பால், கடைசியில், கடலோரம் வைத்தேன். அவளுக்குக் கடல் சத்தம் பிடிக்கும் என்று நினைத்தேன். கேட்டதில்லை.

கிணற்றுக்கும் பாலத்துக்கும் நடுவில் இருந்த நிலத்தைப் பதினான்கு மாதம் வெறுமையாக வைத்திருந்தேன். அங்கே மரமில்லை, பூவில்லை. புல் மட்டும். பாலத்தின் மேல் நின்றால் ஊர் முழுவதும் தெரியும். யார் எந்த வீட்டிலிருந்து வருகிறார்கள், யார் யாரோடு நின்று பேசுகிறார்கள் என்று தெரியும். நடுவில் ஒரு வீடு வந்தால் தெரியாது. காரணம் அவ்வளவுதான்.

என் வேலையையும் சொல்ல வேண்டும். பதினேழு வருடமாகக் கல் கிடங்கில் சூப்பர்வைசராக இருக்கிறேன். தரைக்கும் சமையல் மேடைக்கும் போடுகிற மெருகேற்றிய கல் பலகைகள். ஒவ்வொன்றும் இருநூற்றைம்பது கிலோ. ஏணியை விரித்து வைத்ததுபோல இருக்கும் இரும்புச் சட்டங்களில் இருபக்கமும் சாய்த்து நிறுத்துவோம். அந்தச் சட்டத்தைக் குதிரை என்போம். எந்தக் குதிரை எங்கே நிற்க வேண்டும், ஆள் எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்று தரையில் மஞ்சள் பெயிண்டால் கோடு போட்டிருக்கிறேன். என் காலத்தில் ஒரு பலகைகூட விரிசல் விட்டதில்லை. நான் கோபக்காரன் இல்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தெரியவில்லை.

மனைவியின் தம்பி ஜனவரி கடைசியில் வேலை தேடி வந்தான். ஒரு வாரம் என்று சொல்லித்தான் வந்தான். முன்னறை சோபாவில் படுத்துக்கொண்டான். அதுவரை அதில் யாரும் படுத்ததில்லை. வந்த மறுநாளே சாப்பாட்டு மேசைக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டான்.

"அக்கா, இது என்ன தரையில மஞ்சப் புள்ளி?"

"நாற்காலிக் காலு வைக்கிற இடம்டா. மாமா வெச்சது."

"காலுக்கு ஒரு புள்ளியா?" என்றவன் என் பக்கம் திரும்பினான். "தலைவரே, எனக்கும் ரெண்டு புள்ளி வெச்சுக் குடுத்துடுங்க. எங்க நிக்கணும்னு தெரியாம திண்டாடுறேன்."

அன்றிலிருந்து கிண்டல் வந்தால் அவன் என்னைத் தலைவரே என்றுதான் கூப்பிட்டான். கெட்ட பையன் இல்லை. வாய் மட்டும் நீளம்.

இனி ஒன்பதாம் தேதிக்கு வருகிறேன். அன்று காலை ஆறு மணிக்கே கிடங்குக்கு லாரி வந்துவிட்டது. கருவியைப் பார்க்காமல் கிளம்ப வேண்டியதாயிற்று. யாரும் தொட வேண்டாம் என்று மனைவியிடம் சொன்னேன். மைத்துனனிடம் தனியாகச் சொல்லவில்லை. பத்து நாளாக என் பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் தந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன், எனக்கு உதவலாம் என்று நினைத்துவிட்டான். புது ஆளாக நுழைந்து ஊரைச் சுற்றியிருக்கிறான். ஏழு ஐம்பதுக்கு ஃபோன் வந்தது. என் தலைக்கு மேலே கிரேனில் ஒரு பலகை தொங்கிக்கொண்டிருந்தது.

"மாமா, கயிறு கிணத்துக்கும் பாலத்துக்கும் நடுவுல கட்டியிருக்கு. பாக்க நல்லாத்தான் இருக்கு. இப்படியே சேவ் பண்ணிடட்டுமா?"

"இருக்கட்டும்" என்றேன்.

"சரி மாமா" என்று வைத்துவிட்டான்.

இந்த இடத்தை எழுத்தர் நிதானமாக எழுதிக்கொள்ள வேண்டும். நான் சொன்னது வேண்டாம், விட்டுவிடு என்ற பொருளில். ஒருவர் இன்னொரு கப் காபி ஊற்ற வருகிறார். இருக்கட்டும் என்கிறோம். அவர் ஊற்றாமல் போகிறார். இன்னொருவர் மின்விசிறியை அணைக்கட்டுமா என்கிறார். இருக்கட்டும் என்கிறோம். மின்விசிறி ஓடிக்கொண்டே இருக்கிறது. அவன் என்னை மின்விசிறிக்காரனாக எடுத்துக்கொண்டான். தன் பெயரில் ஊருக்குள் போய்ச் சேமித்துவிட்டான்.

மாலையில் கேட்டேன்.

"நீங்கதானே மாமா இருக்கட்டும்னீங்க?"

"வேண்டாம்னு அர்த்தம்."

"வேண்டாம்னா வேண்டாம்னே சொல்லியிருக்கலாமே. ஏழெழுத்து செலவு பண்ற இடத்துல நாலெழுத்து போதுமே, தலைவரே."

மனைவி சிரித்தாள். அப்போது நேரம் ஏழு பத்து. அதற்கு முன் அவள் அந்த அறையில் எப்போது சிரித்தாள் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் வீடு எழும்பியது. பச்சைக் கூரை. குடிவந்தது ஒரு பெண் ஆடு, தையற்காரி. பேசி முடிக்கும்போதெல்லாம் ஒரு "மே" போடும். மனைவிக்கு அது உடனே பிடித்துப்போயிற்று. ஆற்றுக்கு அப்பாலிருந்து தினமும் பாலம் தாண்டி வந்து ஆட்டு வீட்டு வாசலில் உட்கார்ந்தாள். தம்பியும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வான். இருவரும் ஆட்டுக்குப் பதில் குரல் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். டிவி நன்றாகத் தெரிய வேண்டும் என்று அவன் அவளுடைய நாற்காலியைத் தூக்கி ஜன்னலோரம் போட்டான். நான் எடுத்துப் புள்ளியில் வைப்பேன். அவன் மறுபடி எடுப்பான்.

"அது அங்கேயே இருந்துட்டுப் போகட்டுமேங்க" என்றாள் மனைவி. நாற்காலியைச் சொன்னாளா, ஆட்டு வீட்டைச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

குடியேறிய விலங்கை வெளியேற்ற அந்த விளையாட்டில் உத்தரவு கிடையாது. அதற்கே போகத் தோன்ற வேண்டும். அதற்கான முறைகளை விளையாடுகிறவர்கள் இணையத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். நான் ஒழுங்காகப் பின்பற்றினேன். பூச்சி பிடிக்கும் வலையின் கம்பால் ஆட்டின் தலையில் அடித்தேன். ஒரு அடிக்கு முகம் சுருங்கும். மூன்றாவது அடிக்கு அழும். ஒரு நாளைக்கு நாற்பது அடி என்று வைத்துக்கொண்டேன். வாசலுக்கு முன்னால் குழி தோண்டி மூடினேன். வெளியே வந்ததும் உள்ளே விழுந்தது. ஏறி வந்ததும் அடுத்த குழியில் விழுந்தது. பிறகு கதவைச் சுற்றிக் கற்பாளங்களை அடுக்கினேன். இரண்டு நாள் அது உள்ளேயே இருந்தது. சுவருக்குப் பின்னாலிருந்து "மே" என்று சத்தம் வந்துகொண்டிருந்தது. கோபத்தோடு செய்யவில்லை. காலையில் பல் துலக்கிய பிறகு செய்தேன்.

ஆனால் பலன் இல்லை. காலையில் நான் அடித்ததை மாலையில் மனைவி ஆற்றிவிடுவாள். கற்களை எடுத்துப்போடுவாள், பூ கொண்டுபோய்க் கொடுப்பாள், மருந்து கொடுப்பாள். இருபது நாள் இப்படிப் போயிற்று.

மார்ச் இரண்டாம் தேதி, திங்கட்கிழமை மாலை, நான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். டிவியில் ஆடு மனைவியைப் பார்த்துக் கேட்டது: இந்த ஊரில் என்னை யாருக்கோ பிடிக்கவில்லை, நான் கிளம்பட்டுமா, இருக்கட்டுமா. கீழே இரண்டு பதில்கள். எந்தப் பதிலைத் தொடுகிறோமோ அதுதான் முடிவு. நான் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இரண்டாவது பதிலைத் தொட்டாள்.

சேமிப்பதற்கு முன்னால் கருவியை அவள் கையிலிருந்து வாங்க வேண்டியிருந்தது. அவள் விடவில்லை. வலது கையின் சுண்டுவிரலையும் மோதிர விரலையும் பின்பக்கமாக மடக்கினால் பிடி தானாக விடும். விட்டது. சத்தம் பெரிதாக இல்லை. அதற்குள் அவள் இடது கையால் சேமித்துவிட்டாள். அதனால் மற்ற மூன்று விரல்களையும் வாசற்கதவின் கீல் பக்கம் வைத்துக் கதவைச் சாத்தினேன். ஆஸ்பத்திரியில் கதவு இடுக்கில் மாட்டிக்கொண்டது என்று சொன்னேன். அதில் பாதி உண்மை.

மைத்துனன் அப்போது வீட்டில் இல்லை, ஒரு நேர்காணலுக்குப் போயிருந்தான். வந்து அக்கா கையிலிருந்த மாவுக்கட்டைப் பார்த்தான். அக்காவிடம் கேட்டான். கதவு என்றாள். என்னைப் பார்த்தான். பிறகு சாப்பாட்டு மேசையின் கீழே உட்கார்ந்து, சாவியால் மஞ்சள் புள்ளிகளை ஒவ்வொன்றாகச் சுரண்டினான். பதினாறு புள்ளிகள். அரை மணி நேரம் ஆயிற்று. எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, மரியாதை குறையாமல்தான் பேசினான்.

"ஞாயித்துக்கிழமை அக்காவ கூட்டிட்டுப் போறேன் மாமா. ஒரு இடம் பாத்துட்டேன். சின்ன இடம்தான்."

"எந்த இடம்?"

"அது எதுக்கு மாமா உங்களுக்கு?"

அவளுடைய படிப்புச் சான்றிதழ்களும் அடையாள அட்டையும் கிடங்கில் என் மேசை இழுப்பறையில் இருந்தன. வீட்டில் இருந்தால் தொலையும் என்று எட்டு வருடம் முன்பு கொண்டுபோய் வைத்தேன். மறுநாள் காலை அவை வேண்டும் என்றான். வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு மேல் கிடங்குக்கு வா, தருகிறேன் என்றேன்.

கிடங்கின் பதிவேட்டை நீங்கள் எடுத்து வந்திருக்கிறீர்கள். அதில் செவ்வாய், புதன், வியாழன் பக்கங்களைப் பாருங்கள். பதினான்காம் குதிரையின் இடப்பக்கத்திலிருந்து பதினொரு பலகைகள் வெளியே போயிருக்கின்றன. வலப்பக்கத்தில் இருந்த பதினொன்றில் ஒன்றுகூடப் போகவில்லை. இப்படிச் செய்யக் கூடாது என்பது நேற்று வேலைக்குச் சேர்ந்த ஆளுக்கும் தெரியும். இருபக்கமும் சமமாக எடுக்காவிட்டால் குதிரை சாயும். சாயாமல் இருக்க ஒரு நைலான் பெல்ட்டால் தூணோடு கட்டி வைத்திருந்தேன். எல்லா உத்தரவிலும் கையெழுத்து என்னுடையது.

மார்ச் ஐந்தாம் தேதி மூன்று இருபதுக்கு வந்தான். இஸ்திரி போட்ட சட்டை. முந்தைய நேர்காணலில் வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னான். நல்லது என்றேன்.

"எடுத்துத் தரேன் மாப்பிள்ளை. அதுக்குள்ள எனக்கு ஒரு உதவி. அந்த ரெண்டு குதிரைக்கும் நடுவுல போயி, பதினாலுல ஒட்டியிருக்கிற நம்பரையெல்லாம் படிச்சுச் சொல்லு. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல."

"எங்க நிக்கணும், தலைவரே?"

கையால் காட்டினேன். அவன் போய் நின்றான். நான்கு நம்பர்கள் படித்தான். ஐந்தாவது நம்பரின் பாதியில் கல் இறங்கியது.

கல் வேகமாக விழாது. முதலில் குதிரை லேசாக முனகும். பிறகு பதினொரு பலகைகளும் ஒரே பலகையைப் போலச் சாயும். அவன் திரும்பினான், இரண்டு கைகளையும் நீட்டித் தாங்கப் பார்த்தான். மணிக்கட்டுகள் முதலில் போயின. பதினைந்தாம் குதிரை அவன் முதுகுக்குப் பின்னால் இருந்ததால் கல் தரைவரை வரவில்லை. அவனை அதன்மேல் வைத்து அழுத்தி நின்றது. மார்புக்கு மேலே அவன் தெரிந்தான். இடுப்புக்குக் கீழே கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் நான்கு விரல் அகலம்தான் இருந்தது. அந்த அகலத்தில் ஒரு மனிதனின் கால்கள் இருக்க முடியாது. இருந்தன. ரத்தம், கல் கழுவும் தண்ணீர் போக வெட்டிய வாய்க்காலில் இறங்கியது. அதன் சரிவை நான்தான் அளந்து போட்டேன். எங்கும் தேங்கவில்லை.

அவன் நினைவோடு இருந்தான். வாயிலிருந்து நுரை வந்துகொண்டிருந்ததால் பேச்சு தெளிவாக இல்லை. "மாமா, அக்காகிட்ட இப்ப சொல்லாதீங்க, பயந்துடுவா" என்றான். சரி என்றேன். அந்த வாக்கைக் காப்பாற்றினேன். அவளுக்கு நான் சொல்லவில்லை, நீங்கள்தான் சொன்னீர்கள்.

கிரேன் ஓட்டுபவரை எல்லோரும் நிதானம் என்று கூப்பிடுவோம். எதையும் அவசரப்பட்டுச் செய்ய மாட்டார். நாற்பதடி தூரத்தில் மேலே தன் கூண்டில் இருந்தார். அங்கிருந்தே கத்தினார்.

"சார், கிரேனைக் கொண்டு வரட்டுமா?"

"இருக்கட்டும்" என்றேன்.

அவர் கை நெம்புகோலில் அப்படியே நின்றது. ஆம்புலன்ஸுக்கு நான் சொல்லியிருப்பேன், அவர்கள் வந்து தூக்குவார்கள் என்று நினைத்ததாக உங்களிடம் சொல்லியிருக்கிறார். அப்படித்தான் நினைத்திருப்பார். சில நிமிடம் கழித்து மறுபடி கேட்டார்.

"சார், உயிரோட இருக்கான் சார். தலை ஆடுது சார். கல்லைத் தூக்கிடட்டுமா?"

"இருக்கட்டும்."

அவர்மேல் வழக்குப் போட வேண்டாம். பதினேழு வருடத்தில் நான் சொல்லாமல் அவர் ஒரு கல்லையும் தூக்கியதில்லை. அலுவலகத்துப் பெண் கிரேன் கூண்டிலிருந்து வந்த கத்தல் கேட்டு வந்து பார்த்து, அவளாகவே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். அப்போது மூன்று நாற்பத்து நான்கு. தலை அசைவது அதற்கு இரண்டு நிமிடம் முன்னால் நின்றுவிட்டது. முதல் பத்து நிமிடத்துக்குள் தூக்கியிருந்தால் கால்கள் போனாலும் ஆள் பிழைத்திருப்பான் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். அவர் படித்தவர், சரியாகத்தான் இருக்கும்.

எந்தப் பொருளில் இருக்கட்டும் என்று சொன்னேன் என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். முதல் நாள், பதற்றத்தில் என்ன சொன்னேன் என்று தெரியாது என்றேன். இரண்டாம் நாள், அவசரப்பட்டுத் தூக்கினால் மற்ற பலகைகளும் சரியும் என்பதால் சொன்னேன் என்றேன். இரண்டும் பொய். கல் அங்கேயே இருக்கட்டும் என்றுதான் சொன்னேன். பெல்ட் அறுந்தது என்று சொன்னதும் பொய். அட்டைப்பெட்டி வெட்டும் கத்தியால் நான் அறுத்தேன். இரண்டு இழுப்பு. கத்தி இழுப்பறையில், அவளுடைய சான்றிதழ்களுக்குக் கீழே இருக்கிறது. திட்டமிட்டது செவ்வாய்க்கிழமை காலை. வேறு யாருக்கும் தெரியாது. இதை ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு ஆட்டுக்காகவா என்று உங்கள் எழுத்தர் முணுமுணுத்தது காதில் விழுந்தது. ஆடு, வீடு எல்லாம் வெறும் படம் என்று எனக்குத் தெரியும். எனக்குப் புத்தி பிசகவில்லை. எல்லாரும் அவரவர் இடத்தில் இருந்தால் யாருக்கும் எந்தக் கஷ்டமும் வராது. பதினேழு வருடம் கிடங்கில் யாருக்கும் வரவில்லை. ஒன்பது வருடம் வீட்டில் யாருக்கும் வரவில்லை. நான் யாரையும் துன்புறுத்துகிறவன் இல்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள்.

கருவியைச் சாட்சிப் பொருளாக எடுத்து வந்த அன்று, உங்கள் ஆட்களில் யாரோ ஒருவர் அதை இயக்கிப் பார்த்து, சேமித்தும் விட்டாராம். ஆற்றின் வளைவில் இன்னொரு கயிறு விழுந்திருப்பதாகச் சொன்னார்கள். அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. இனிமேல் காலையில் திறக்கும்போது மேலே சொன்ன முறையில் திறந்தால் நல்லது.

கையெழுத்துப் போடுகிறேன். மனைவி இப்போது எந்த ஊரில், யாரோடு இருக்கிறாள் என்று எனக்குச் சொல்லக் கூடாது என்று உத்தரவு வந்திருப்பதாகச் சொன்னீர்கள். நான் அதை மீறி எதையும் கேட்கவில்லை. அவள் கட்டில் எந்தச் சுவரோரம் கிடக்கிறது என்று மட்டும்தான் கேட்டேன்.